பதினோராவது பிள்ளை

கொக்கலாங்குளம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். எட்டுப் பொம்பளைப் பிள்ளைகள், மூன்று பையன்கள். ஊரில் பையன்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து மஞ்சள் வேன் வந்து நிற்கும்போது பார்க்க வேண்டும், டையும் ஷூவுமாக எத்தனை பேர் முண்டியடித்து ஏறுகிறார்கள் என்று. ஒரு வீட்டில் ஆணும் பெண்ணும் இருந்தால் ஆண் வேனுக்கு, பெண் நடைக்கு. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணியதில்லை, எல்லா வீட்டிலும் அப்படியே நடந்தது. டை கட்டினால் படிப்பு தன்னால் உள்ளே இறங்கிவிடும் என்று நம்புகிற ஊரிடம் என்னத்தைப் பேச?

வேனுக்குப் போக மிஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் தலைமையாசிரியர் ராஜகுரு மூன்று வருஷமாகத் தொடர்ந்து நூறு சதவீதம் வாங்கியிருந்தார். பள்ளிக்கூட வாசலில் பிளக்ஸ் கட்டியிருந்தது. பாஸான பிள்ளைகளின் படம் வரிசையாக இருக்கும், நடுவில் பெரிய எழுத்தில் நூறு. மே மாத வெயிலில் வாத்தியார்களும் டீச்சர்களும் வீடு வீடாகப் போய், 'ஒங்க பிள்ளைய நம்ம ஸ்கூல்ல சேருங்க' என்று கேட்கும்போது காட்டுவதற்கு அவர்களிடம் அந்த நூறைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு வருஷா வருஷம் வரும், போகும். ராஜகுரு அதை நினைத்துத்தான் மாத்திரை போடுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி யுவராணி. அவளுடைய அப்பா இருளாண்டியும் அம்மா மாரிக்கனியும் கரிமூட்டம் போடுகிறவர்கள். கண்மாயிலும் பட்டாக் காட்டிலும் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேல மரத்தை யாராவது ஏலம் எடுப்பார்கள். இவர்கள் போய்க் காட்டிலேயே குடிசை போட்டுக்கொண்டு, மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்துக் கரியாக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு. யுவராணி கொக்கலாங்குளத்துக்கு வருவதற்கு முன்னால் ஆறு பள்ளிக்கூடங்களில் படித்திருந்தாள். ஒன்றில் உயிரெழுத்து பாதி, இன்னொன்றில் வாய்ப்பாடு பாதி. கூட்டல் நடந்தபோது ஒரு ஊர், வகுத்தல் நடந்தபோது வேறொரு ஊர், கழித்தல் நடந்த சமயம் எந்த ஊரிலும் இல்லை. கணக்கு எப்படி வரும்?

கொக்கலாங்குளத்தில் மட்டும் அதிசயமாக மூன்று வருஷம் தங்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் வெட்ட வெட்ட மரம் இருந்தது. எட்டாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். ஜோதிகா என்று ஒரு சேக்காளி கிடைத்தாள். இரண்டு பேரும் மதியச் சோற்றில் முட்டையை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி முட்டை கிடைக்கும், அப்படியும் பிட்டுக்கொள்வார்கள்.

தைப் பொங்கல் முடிந்த கையோடு, மரத்தை ஏலம் எடுக்கிற ஜெயக்குமார் வந்து சொன்னார்: "இருளாண்டி, இங்கிட்டு இனி ஒன்னும் இல்லப்பா. நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மா எடுத்திருக்கேன். பூராம் வயசாளி மரம், தூர்க்கட்ட அம்புட்டுக் கெனம். வார வாரமே கெளம்பணும்."

இருளாண்டி எப்போதும் செய்கிறதைத்தான் செய்தார். சட்டி பானையைக் கட்டுவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய் டிசி வாங்குவது அவர் வழக்கம். ஆறு ஊரில் வாங்கியவர். எல்லா ஊரிலும் நாளைக்கு வா, கிளார்க் இல்லை, பெரியவர் மீட்டிங் போயிருக்கிறார் என்று நடையாக நடக்கவிடுவார்கள். கொக்கலாங்குளத்தில் போன அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சேர் போட்டு உக்காரச் சொன்னாரு மாரி. ஏன் கூட்டிட்டுப் போறன்னு ஒரு வார்த்த கேக்கல. டீ வாங்கிக் குடுத்து, 'நல்லா இருங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. மனுசன்னா அவருதான்."

மாரிக்கனி, "மூணு வருசம் இருந்த ஊருல்ல" என்று சொல்லிக்கொண்டே ஈயச் சட்டிகளைச் சாக்கில் திணித்தாள். யுவராணி லோடு வண்டியில் சாமான்களுக்கு மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சுவர் புளிய மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

நரிக்குடிப் பக்கத்துக் கண்மாயில் அந்த வருஷம் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. குடிசை போட்ட மறுநாள் இருளாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே இருந்த தலைமையாசிரியை டிசியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடியும் டிசியைப் பார்த்தார்.

"ஏங்க, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு தை மாசத்துல யாராச்சும் டிசி வாங்குவாகளா? பரீட்ச எழுதுறவுக பேரெல்லாம் எப்பவோ அனுப்பியாச்சு. அந்த ஸ்கூல்ல இருந்துதான் எழுத முடியும். நான் எப்பிடிச் சேத்துக்கிற?"

"எல்லா ஊருலயும் சேத்துக்கிட்டாகளே டீச்சர்."

"அது அஞ்சாவது, ஆறாவது. இது பத்தாவதுங்க. இந்த வருசம் எழுத முடியாது. வேணும்னா ஜூன் மாசம் வாங்க, திரும்பப் பத்தாவதுல போடுறேன்." அப்புறம் குரலைத் தணித்து, "ஒங்களுக்குத் தெரியாது, சரி. குடுத்தவுகளுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்றார்.

இருளாண்டிக்கு அந்தக் கடைசிக் கேள்வி குடிசைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. கொக்கலாங்குளத்தில் அன்றைக்குக் குடித்த டீ நெஞ்சில் வந்து நின்றது.

அப்புறம் யுவராணிக்கு வேலை சரியாக இருந்தது. விடியற்காலையில் பனி கொட்டும், பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகை வாங்கும். இருளாண்டி மரத்தை அரிந்து தள்ள, அம்மாவும் மகளும் முள்ளைக் கழித்து இழுத்து வருவார்கள். தூர்க்கட்டைகளை நடுவில் நிறுத்தி, பெருவிறகைச் சுற்றிலும் சாய்த்து, சந்துகளில் சுள்ளியைச் சொருகி அடுக்க வேண்டும். மேலே தழையைப் பரப்பி, கண்மாய் மண்ணைக் குழைத்துப் பூசி, உச்சியில் தீயைப் போட்டால் மூட்டம் நாள் கணக்கில் புகையும். எங்காவது மண் உள்வாங்கினால் உடனே அடைக்க வேண்டும். காற்று புகுந்தால் அவ்வளவும் சாம்பல். அதனால் யாராவது ஓர் ஆள் மூட்டத்தின் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். அந்த ஆள் யுவராணியாக இருந்தாள்.

மாரிக்கனி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் நரிக்குடிப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கண்மாய்க் கரையில் கத்திக்கொண்டே போகும். அந்த நேரத்துக்கு மட்டும் மகள் மூட்டத்துக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள், அவர்கள் கண்ணில் படாமல். ஒருநாள் கண்மாயில் பிடித்த ஜிலேபிக் கெண்டையைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்திருந்தாள் மாரிக்கனி. மீன் என்றால் முள்ளைக்கூட விடாத பிள்ளை, தட்டைத் தொடவில்லை.

"திங்கலையாத்தா?"

"இன்னிக்கு ரிவிசன் பரீட்ச ஆரம்பிக்குதும்மா. சயின்ஸு."

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன்." சொல்லிவிட்டுப் புகையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால்தான் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாரிக்கனி தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் சோறும் துவையலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். திருச்சுழியில் இறங்கி இன்னொரு பஸ். அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. கொக்கலாங்குளம் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தலைமையாசிரியர் அறையில் ராஜகுருவும் பத்தாம் வகுப்பு டீச்சர் சுகப்பிரியாவும் இருந்தார்கள்.

மாரிக்கனி முந்தானையில் முடிந்து வைத்திருந்த டிசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க சார். எம்பிள்ளைய மட்டும் திரும்பச் சேத்துக்கங்க."

"உக்காருங்கம்மா."

"சேர் போட்டுத்தான் சார் அவரயும் ஏமாத்துனீங்க. நான் நின்னுக்கிடுறேன்."

ராஜகுருவுக்கு முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு சத்தம் போட்டு அனுப்பியிருப்பார்.

"நான் யாரையும் ஏமாத்தலம்மா. அவரு கேட்டாரு, குடுத்தேன்."

"கேட்டாரு. எழவு, ஒன்னும் தெரியாத மனுசன் கேட்டாரு. பத்தாவதுக்கு இப்ப வாங்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயில முத்தா உதிந்துரும்?"

"சொல்லியிருக்கலாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்க பொண்ணு கணக்குல பன்னெண்டு மார்க்கு, பதினாலு மார்க்கு. பாஸுக்கு முப்பத்தஞ்சு வேணும். என்ன செஞ்சாலும் ஏறல. பெரிய ஸ்கூல்ல ஒரு பிள்ள பெயிலானாத் தெரியாது. நமக்கு இருக்கறதே பதினோரு பேரு. ஒருத்தி பெயிலானா தொண்ணூறுக்கு வந்துரும். மீட்டிங்ல அதிகாரிக எந்திரிக்கச் சொல்லி அத்தன பேரு முன்னாடி கேப்பாக. அது கூடப் போகட்டும். வார வருசம் இந்த ஊருல எவன் பிள்ளையச் சேப்பான்? ஸ்கூல மூடிட்டா மத்த பொம்பளப் பிள்ளைகளுக்கு வேனா வரப்போகுது? வீட்டுல உக்காந்துரும்க. இல்லேன்னா வேலைக்குன்னு மில்லு பஸ்ஸுல ஏறும்க."

"அதுக்கு எம்பிள்ளயத்தான் காவு குடுப்பீகளா?"

"அப்பிடியெல்லாம் பேசாதீங்கம்மா. ஜூன்ல கொண்டு வாங்க. ஆரம்பத்துல இருந்து நானே ஒக்காந்து சொல்லிக்குடுத்து பாஸாக்கி விடுறேன்."

"ஜூன்ல நாங்க எந்தக் காட்டுல கெடப்பம்னு எங்களுக்கே தெரியாது சார். எம்பிள்ள பாஸாகணும்னா நான் கேக்க வந்தேன்? பெயிலாகட்டும். எழுதிப் பெயிலாகட்டும். எங்க ரெண்டு பேரு வம்சத்துலயும் பத்தாவது பரீட்ச எழுதுன ஆளு ஒன்னு கெடையாது. அந்த ஹால்ல போயி ஒக்காந்து எந்திரிச்சு வரட்டும். பெயிலானா அப்பறம் எந்தூர்ல இருந்தாலும் திரும்ப எழுதலாம்ல? ஒக்காரவே விடலேன்னா அது எங்கிட்டுன்னு சார் திரும்ப எழுதும்?"

ராஜகுரு மேசைமேல் கிடந்த டிசியை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பிள்ளைகிட்ட சொல்லாமச் செய்யலம்மா. அரையாண்டுப் பரீட்ச முடிஞ்சதும் கூப்புட்டுச் சொன்னேன். ஒன்னால நம்ம ஸ்கூலு பேரு போயிரும்மா, என்ன செய்யலாம்னு கேட்டேன். 'எங்கப்பா வேற ஊருக்குப் போகும்போது டிசி வாங்குவாக சார், அப்பக் குடுத்துருங்க'ன்னு அதுதான் சொல்லுச்சு."

சுகப்பிரியா டீச்சர் சட்டென்று தலையைத் திருப்பித் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"அது பிள்ள சார்," என்றாள் மாரிக்கனி. "அதுகிட்டப் போயா கேட்டீக?"

அதற்குமேல் அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கும் போகவில்லை. மத்தியானம் சோற்று மணி அடித்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். 'அத்த, யுவராணி எப்ப வருவா?', 'அத்த, அவ இடத்துல யாரயும் ஒக்கார விடல' என்று ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். ஜோதிகா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டையைப் பாதியாகப் பிட்டு மாரிக்கனியின் தூக்குவாளியில் போட்டாள். மாரிக்கனி அந்தப் பாதி முட்டையை வைத்துக்கொண்டு அழுதாள். ஜன்னல் வழியாக ராஜகுரு அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு சுகப்பிரியா டீச்சரின் குரல் உள்ளே உயர்ந்து கேட்டது. "பரீட்ச லிஸ்டுல இருந்து பேர எடுக்கச் சொல்லி இன்னும் எழுதிப் போடலைல்ல சார்? அப்பறம் என்ன? கணக்கு சார் காலையில பாக்கட்டும், சாயங்காலம் நான் வச்சுக்கிடுறேன்." அப்புறம் ராஜகுரு வெளியே வந்தார். வேப்ப மரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

"நாளைக்கே கூட்டிட்டு வந்துருங்கம்மா. தங்குறதுக்கு?"

அதற்கு ஜோதிகாவின் அம்மா முத்துப்பேச்சி முன்னமே ஆள் அனுப்பியிருந்தாள். எம்பிள்ளையோட பிள்ளையா ரெண்டு மாசம் கெடந்துட்டுப் போகட்டும் என்று.

மாரிக்கனி காட்டுக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் காட்டின் முதல் மூட்டத்தை அன்றைக்குத்தான் பிரித்திருந்தார்கள். இருளாண்டி மண்ணை ஒதுக்கிக் கரியை இழுத்துப் போட, யுவராணி குடத்தை இடுப்பில் வைத்துக் கனல் தெரிகிற இடமாகச் செம்பில் மொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மூக்கும் நெற்றியும் கரி. கல்யாணச் சேலையோடு மாரிக்கனி நேராகப் போய் மகளின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள்.

"நீதான் டிசி குடுக்கச் சொன்னியா?"

யுவராணி குடத்தை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். இருளாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாயத் தொறடி. ஊமையா நீ? இந்த மனுசன் ஏமாந்துட்டாரு ஏமாந்துட்டாருன்னு நான் போயி அங்க ஆடிட்டு வாரேன். ஒனக்குத் தெரியுமா தெரியாதா, இப்பப் போனா பரீட்ச எழுத முடியாதுன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் எழுதுனா பெயிலாயிருவேன்மா." தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். "ஜோதிகா, மத்தவுக எல்லாரும் பாஸாகிருவாக. நான் ஒருத்திதான். நான் இல்லேன்னா நூறு வரும். பிளக்ஸ் வைப்பாக, எல்லாப் பிள்ளைக போட்டாவும் போடுவாக. என்னால அது போயிட்டா ஸ்கூல மூடிருவாகளாம். ஆறு ஸ்கூல்ல படிச்சேன். ஒரு டீச்சருக்கும் எம்பேரு தெரியாது, ஏ புதுசு, ஏ புதுசுன்னுதான் கூப்புடுவாக. இங்கதாம்மா பேரு சொல்லிக் கூப்புட்டாக. எனக்குன்னு இருந்தது அது ஒன்னுதான். அதப் போயி நான் மூட வைக்கிறதா?"

அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. "ஆனா இம்புட்டு ஏக்கமா இருக்கும்னு எனக்குத் தெரியலம்மா. காலையில எந்திரிச்சா அங்க போகணும் போலயே இருக்கு."

மாரிக்கனி அடிக்கத்தான் கையை ஓங்கினாள். அந்தக் கையாலேயே மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கல்யாணச் சேலை கரியாகிப்போனது.

"கிறுக்குக் கழுத. ஒன்ன வெளிய தள்ளிட்டு எண்ணுனா, அது என்னடி நூறு? ஒன்னையும் சேத்து எண்ணிட்டு என்ன வருதோ அதப் போடட்டும்."

இருளாண்டி கரி வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். தன் தலையில் விழுந்த பழி பாதி இறங்கியதில் சந்தோஷப்படவும் முடியவில்லை, பிள்ளையைப் பார்க்கவும் முடியவில்லை.

"போன வருசம் காத்துப் புகுந்து ஒரு மூட்டம் பூராம் சாம்பலாப் போச்சு, ஞாபகம் இருக்காத்தா?" என்றார். "அடுத்த வாரமே அதே எடத்துல அடுக்கலயா நம்ம? பெயிலானாப் பெயிலு. போய் எழுது."

"மூட்டத்துக்கு ஆளு?"

"நான் பாத்துக்கிடுறேன். நீ போ."

மறுநாள் விடியற்காலையில் மாரிக்கனி மகளின் கையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்த கரி போகவில்லை.

பங்குனியில் பரீட்சை வந்தது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில்தான் சென்டர். கணக்குப் பரீட்சை அன்றைக்கு ராஜகுருவே வந்து கேட் வாசலில் புங்க மரத்தடியில் நின்றார். கையில் பதினோரு பேனா. ஒவ்வொரு பிள்ளைக்கும் திருநீறு பூசி, பேனாவைக் கொடுத்து, "ஒன்னையும் விடாத, எல்லாத்தையும் தொட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். இந்த இரண்டு மாதமும் அவர் யுவராணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. காலையில் கணக்கு சார் வரமுடியாத நாட்களில் அவரே வந்து போர்டில் போட்டுக் காட்டுவார். அவள் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

கடைசியாக யுவராணி வந்து நின்றாள். திருநீறு பூசக் கையைத் தூக்கினார். அதற்குள் அவள் குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டாள். எழுந்தபோது கண் நிறைந்திருந்தது.

"எங்கம்மாதான் சார் கேக்கல. நூறு போயிரும். என்னய மன்னிச்சிருங்க சார்."

ராஜகுரு எத்தனையோ மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொன்னவர். தூக்கிய கையைத் திருநீறோடு அப்படியே கீழே விட்டார். உள்ளே மணி அடித்தது. ஜோதிகா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் "யுவராணி" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நான்கு எட்டு ஓடினார், இந்தா பேனா என்று. அதற்குள் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டார்.